சுவர்ப் படத்தின் எடை

ஏற்காட்டில் மழை பிடித்தால் முதலில் போவது கரண்ட் இல்லை, சிக்னல். கரண்டுக்காவது எஸ்டேட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. சிக்னல் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த மலையில் ஒரு இணையதளத்தை நடத்துகிறவனுக்கு முதல் வேலை அதன் எடையைக் குறைப்பதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான். கேட்டால் உங்களுக்கும் நியாயமாகவே படும்.

என் பெயர் சிவசக்தி. முப்பத்தாறு வயது. வெள்ளக்கடை ரோட்டில் இருக்கும் மூடுபாறை எஸ்டேட்டின் இணையதளத்தை ஐந்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எஸ்டேட்டில் காபியும் மிளகும் உண்டு. சோறு போடுவது விடுதி. பன்னிரண்டு காட்டேஜ், கல்யாணம் நடத்த ஒரு புல்வெளி, மூடுபனி பார்க்க ஒரு மரமேடை. எல்லா அறையும் இணையதளம் வழியாகத்தான் நிரம்புகிறது.

தளத்தில் எடை என்றால் படங்கள். எங்கள் ஜி.எம். செல்லப்பன் சார் ஒரு காபிப் பூவைப் படமெடுத்தால் பதினான்கு எம்.பி. வரும். அதை அப்படியே ஏற்றிவிடுவார். பூ திரையில் மேலிருந்து கீழாக விரிந்து முடிப்பதற்குள் விருந்தினர் கொடைக்கானலில் ரூம் போட்டிருப்பார். சொல்லிப் பார்த்தேன். "சின்னதாக்கினா பூவோட அழகு போயிருமே சிவசக்தி" என்றார். மனிதர்களைத் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் யாரையும் கேட்காமல் தானாக நடக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தேன்.

ஏற்பாடு எளிமையானது. தளத்தில் யார் எந்தப் படத்தை ஏற்றினாலும் அது அந்த நிமிடமே எடை குறைந்த இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடும். வெப்பி என்று அதற்குப் பெயர். படத்தில் தேவையில்லாதது என்று தோன்றும் நுணுக்கங்களை அது விட்டுவிடும். எவ்வளவு விடலாம் என்பதை நாம் ஒரு எண்ணால் சொல்ல வேண்டும். நூறு என்றால் ஏறக்குறைய எல்லாம் இருக்கும். எண் இறங்க இறங்க எடையும் இறங்கும். ஏற்றிய மூலப்படம் குப்பைத்தொட்டி என்ற இடத்தில் முப்பது நாள் கிடக்கும். அதைத் திறந்து பார்க்க என்னால் மட்டுமே முடியும். முப்பது நாள் கழிந்தால் தானாக அழிந்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லாப் படங்களுக்கும் முப்பது என்று வைத்தேன். தளம் பறந்தது. வேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கருவி ஒன்று உண்டு. தொண்ணூற்றாறு வந்தது. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் எண் பச்சையாகத் தெரியும், கீழே போனால் ஆரஞ்சு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை இயக்குநர்கள் கூட்டத்தில் நான் அதைத் திரையில் காட்ட வேண்டும். அவர்களுக்கு எண் புரியாது. நிறம் புரியும்.

அடுத்து, 'நம் குடும்பம்' பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் எஸ்டேட் காபியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. தொழிலாளர்கள் குறை சொல்ல உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்று சான்றிதழ்க்காரர்கள் கேட்டார்கள். ஒரு வழி இருந்தது. எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் நல்லமுத்துவிடம் போய்ச் சொல்வார்கள், அவர் மறந்துவிடுவார். அதைப் படிவத்தில் எழுத முடியாது என்பதால் தளத்தில் ஒரு பக்கம் போட்டோம். 'நம் குடும்பம்' ஜி.எம். வைத்த பெயர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் கூரை ஒழுகினாலும் குழாய் உடைந்தாலும் போனில் படமெடுத்து அங்கே ஏற்ற வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியர் படத்தைப் பார்ப்பார். குறை தெரிந்தால் மலையேறி வருவார். தெரியாவிட்டால் புகார் முடிந்தது என்று பதில் போய்விடும். லைன் வீடுகளுக்குச் சிக்னல் எட்டாது என்பதால் அங்கே ஒரு வைஃபை பெட்டியும் மாட்டிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கு அந்த ஜனங்கள்மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு பெங்களூர்க் கல்யாணம் நடந்தது. படங்கள் தளத்தில் ஏறிய மறுநாள் மணப்பெண் போனில் அழுதாள். அட்டிகைக் கற்களெல்லாம் உருகி ஒன்றாகிவிட்டனவாம். மாப்பிள்ளையின் தாடி அழுக்கு மாதிரித் தெரிகிறதாம். ஜி.எம். என் மேசைக்கே வந்துவிட்டார். விருந்தினர் படங்களுக்கு மட்டும் எண்ணை எண்பத்திரண்டாக உயர்த்தினேன். நான்கு நிமிட வேலை. கற்கள் திரும்ப வந்தன, தாடியும் வந்தது. ஆனால் மதிப்பெண் தொண்ணூற்றொன்றாக இறங்கியது. விளிம்பில் நிற்பது எனக்குப் பிடிக்காது. கூடிய எடையை வேறெங்காவது குறைக்க வேண்டியிருந்தது. 'நம் குடும்பம்' படங்களுக்குப் பத்து என்று வைத்தேன். அதில் யாருடைய அட்டிகையும் இல்லை. மதிப்பெண் தொண்ணூற்று நான்குக்கு ஏறியது.

பத்து என்றால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. பாசியும் ஈரமும் சுண்ணாம்பும் ஒரே நிறமாகிவிடும். மெல்லிய கோடுகள் இருக்காது. ஒருநாள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் புதிதாக வெள்ளையடித்த மாதிரி இருந்தது. இன்ஜினியர் மலையேறி வருவதும் குறைந்துபோயிற்று. தொழிலாளர் குடியிருப்புகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று ஜி.எம். அறிக்கை எழுதினார். சான்றிதழும் வந்தது.

இனி புவனாவைப் பற்றிச் சொல்கிறேன். மேல் லைனில் நான்காவது வீடு. காபி பறிப்பாள், குடோனில் கொட்டை பொறுக்குவாள். கணவன் மாதேஷ் சேலத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான், வாரக்கடைசியில் வருவான். வீட்டில் மாமியார் அம்மணி, ஆறு வயது மகள் தீபிகா. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடி உயரத்தில் ஒரு கருங்கல் தடுப்புச்சுவர். மேலே இருக்கும் காபிக்காட்டின் மண் சரியாமல் தாங்குவது அதுதான். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் என்று விருந்தினர்களுக்குக் காட்டுவோம். அவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி புவனா முதல் படத்தை ஏற்றினாள். இரண்டு நாளில் பதில் போனது: 'படத்தில் விரிசல் தெரியவில்லை. புகார் முடிக்கப்பட்டது.' மறுநாள் காலை அவள் என் அறைக்கே வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க சார், உள்ள வரலாமுங்களா?"

"வாங்க. என்னம்மா?"

"செவுத்து வெடிப்பு தெரியலைன்னு பதில் வந்திருக்குதுங்க. என்ற போன்ல நல்லாத் தெரியுதுங்களே. இதப் பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது. சுவரின் இடது மேல்மூலையில் தொடங்கி, படியிறங்குவது போலக் கல்லுக்குக் கல் மாறி மாறி, ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

"மேகமூட்டத்துல எடுத்திருப்பீங்க. வெயில் வர்றப்ப எடுத்துப் போடுங்க" என்றேன்.

"சரிங்க சார். நொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு தளத்தில் அந்தப் படத்தைத் திறந்தேன். ஆறு எம்.பி.யாக வந்தது பதினெட்டு கே.பி.யாக இருந்தது. விரிசல் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மென்மையான நிழல். சுத்தமான வேலை. காரணம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது படம் செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி, நல்ல வெயிலில் எடுத்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். இந்தமுறை அம்மணியைச் சுவருக்கு அருகில் நிறுத்தி, விரிசலுக்குள் கையை விடச்சொல்லி எடுத்திருந்தாள். மூலப்படத்தைத் திறந்து பார்த்தேன், விரிசல் தெரிந்தது. இன்ஜினியர் அக்கறையாகவே பதில் எழுதினார்: 'வயதான பெண்மணி சுவரில் கை வைத்து நிற்கிறார். குறை எதுவும் தெரியவில்லை. புகார் முடிக்கப்பட்டது.'

அந்த வாரம் வைஃபை பெட்டியைப் பார்க்க லைனுக்குப் போனபோது அம்மணி என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஏஞ்சாமி, நான் செவுத்துல சும்மா கை வெச்சிட்டு நிக்கறேனாமா? நாலு வெரலு உள்ள போகுதுங்க. இந்தா, நகத்துல இன்னும் மண்ணு."

"இன்ஜினியருக்குப் படத்துல தெரியணும்மா."

"படத்துல தெரியாட்டிப் போகுதுங்க. நீங்க இங்கதான நிக்கறீங்க, ரெண்டு எட்டு வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? மழை பேஞ்சா ராவெல்லாம் செவுத்துக்குள்ளாற தண்ணி ஓடற சத்தம் கேக்குதுங்க. புள்ளைய நடு ஊட்டுல போட்டுத்தான் படுக்கறோம்."

நான் போய்ப் பார்க்கவில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் சுவரைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆனாலும் வெறும் கையோடு திரும்பாமல் ஓர் ஆலோசனை சொன்னேன்.

"மருமககிட்டச் சொல்லுங்க. அளவு தெரியற மாதிரி பக்கத்துல எதையாச்சும் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நின்னு முழுச் சுவரையும் எடுக்கட்டும்."

"ஆகட்டுஞ்சாமி" என்றார். கடுங்காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதுவரை என் மோட்டார் சைக்கிளை அந்தச் சுவரோரம்தான் நிறுத்துவது வழக்கம். நிழலாக இருக்கும். அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். தொட்டிப் பக்கம் வெயில் அதிகம். திரும்பி வரும்போது சீட் சுடும். இதை ரைட்டர் நல்லமுத்து உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏன் இடம் மாற்றினாய் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வண்டி புதிது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மூன்றாவது படம் அக்டோபர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. நான் சொன்னபடியே தள்ளி நின்று முழுச் சுவரையும் எடுத்திருந்தாள். அளவு தெரிய மகளை நிறுத்தியிருந்தாள். தளத்தில் அது முப்பத்தொரு கே.பி. சாம்பல் நிறப் பரப்பின் முன்னால் சிவப்பாக ஒரு சின்னப் புள்ளி. அன்று எனக்கு வேறு வேலை அதிகமில்லை. குப்பைத்தொட்டியைத் திறந்து மூலப்படத்தை முழு அளவில் பார்த்தேன். விரிசல் சுவரின் அடிவரைக்கும் வந்துவிட்டிருந்தது. கை நுழைந்த இடத்தில் இப்போது குழந்தையின் தலையே நுழையும். சுவரின் வயிறு செப்டம்பரில் பார்த்ததைவிட ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எண்ணை எண்பதாக்கினால் என்ன ஆகும் என்று சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். 'நம் குடும்பம்' பக்கத்தில் மூலம் இன்னும் அழியாத படங்களே நூறுக்கு மேல் இருந்தன. ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் சேர்ந்துதான் கனக்கும். மதிப்பெண் எண்பத்தொன்பது. ஆரஞ்சு. நவம்பர் மூன்றாம் தேதி திங்கட்கிழமை கூட்டம். ஆறு நாள்தான். கூட்டம் முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தொண்ணூறு வருடம் நின்ற சுவர் ஆறு நாள் நிற்காதா என்று எனக்குத் தோன்றியது. நான் சொன்னது சரியாகவும் இருந்தது. ஆறு நாள் நின்றது.

திங்கட்கிழமை பச்சை நிறத்தில் தொண்ணூற்று நான்கைக் காட்டினேன். இயக்குநர்கள் கைதட்டினார்கள். மூத்த இயக்குநர் எழுந்து வந்து கை கொடுத்தார். நம் மலையிலேயே வேகமான தளம் நம்முடையதுதான் என்றார். அதற்கு அடுத்த நாள் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கை கொடுத்த மறுநாளே மதிப்பெண்ணைக் குறைப்பது மரியாதையாகப் படவில்லை.

இன்ஜினியருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்தான். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் போன் செய்தால், படத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்பார். அவருக்கு வெப்பியிலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டும். அந்தப் புகாருக்கு அவர் எழுதிய பதிலும் வந்துவிட்டது: 'குழந்தையின் படத்தைத் தவிர்த்துச் சுவரின் படத்தை மட்டும் அனுப்பவும்.'

நவம்பர் பத்தாம் தேதி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். புவனா குடோனில் கொட்டை பொறுக்கப் போயிருந்தாள். குழந்தை படுத்தாமல் இருக்கட்டும் என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாலை மூன்று பத்துக்குச் சுவர் விழுந்தது. நான்காவது வீடு முழுதாகப் போயிற்று, ஐந்தாவது பாதி. ஐந்தாவது வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். அம்மணியையும் தீபிகாவையும் மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. நான் போய்ப் பார்த்தேன். முன்பு என் வண்டியை நிறுத்தும் இடத்தில் எட்டடி உயரத்துக்கு மண் நின்றது.

தளத்தின் முகப்பில் அஞ்சலிப் படம் ஒன்று போடச்சொல்லி ஜி.எம். சொன்னார். குத்துவிளக்குப் படம் ஒன்று தேடி, பன்னிரண்டு கே.பி.யில் முடித்துப் போட்டேன். வார இறுதிக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததால் வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குப் புவனாவும் மாதேஷும் என் அறைக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. அவன் செருப்போடு உள்ளே வந்தான். அவளுக்குச் செருப்பே இல்லை.

"சார், போனு மண்ணுக்குள்ளயே போயிருச்சுங்க" என்றாள். "பாப்பா படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஊட்டுல மாட்டியிருந்ததும் போச்சு. இவரு வெச்சிருக்கறது பட்டன் போனுங்க. அன்னிக்குச் செவுத்துக்கிட்ட நிறுத்தி எடுத்து உங்களுக்கு அனுப்புனேனுங்களே, அது ஒண்ணுதான் மிச்சமுங்க. அதக் குடுங்க சார்."

நான் 'நம் குடும்பம்' பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"பெருசு பண்ணுங்க சார்."

பெரிதாக்கினேன்.

"மொகம் தெரியலைங்களே."

திரையில் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. முந்தானையின் நுனியால் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்புறம் இன்னொரு முறை துடைத்தாள். மாதேஷ் அவள் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தான்.

"வுடு புவனா. கண்ணாடில ஒண்ணுமில்ல" என்றான். பிறகு என்னிடம் கேட்டான். "ஏனுங்க, அவ ஏத்துன படம் அப்படியே இருக்குமில்லீங்க? அதெங்கீங்க?"

"இருக்காதுங்க. ஏத்தும்போதே சிஸ்டம் மாத்திரும். பழசு தங்காது" என்றேன்.

"வேற யாருகிட்டயாச்சும் கேட்டாக் கெடைக்குமுங்களா?"

"கிடைக்காது."

"அப்ப இதையே எடுத்துக் குடுங்க" என்றாள் புவனா. "செவப்புச் சட்டை தெரியுதுங்களே. சேர்வராயன் கோயில் நோம்பிக்கு எடுத்துக் குடுத்ததுங்க அது. அது போதுங்க."

வெள்ளைத்தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மாதேஷ் அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். படி இறங்கும்போது அவள் திரும்பி, "நொம்ப நன்றிங்க சார்" என்றாள்.

முப்பது நாள் கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். முதல் இரண்டு மூலப்படங்களும் அதற்குள் தானாகவே அழிந்துவிட்டிருந்தன. மூன்றாவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவர்கள் என் எதிரில் நின்றபோது அது குப்பைத்தொட்டியில்தான் இருந்தது. மூன்றாவது கிளிக்கில் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அவர்கள் போனதும் அதைத் திறந்தேன். பயத்தில் அழித்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். அந்தப் படத்தில் குழந்தையும் விரிசலும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரு தாய் அதை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் செய்தேன். அதை யாராவது பார்த்தால் இன்ஜினியருக்கும் ஜி.எம்.முக்கும் எனக்கும் என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பிறகுதான் தோன்றியது. இரண்டொரு நிமிடம் கழித்து.

அந்தக் குழந்தைக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் விழுந்திருந்தது. வெயில் கண்ணில் அடித்ததால் ஒரு கண்ணைச் சுருக்கி வைத்திருந்தாள். அளவு காட்ட நிற்கிறோம் என்று தெரிந்து, சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்க நிற்பதுபோல் விறைப்பாக நின்றிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கன்னம் உப்பியிருந்தது. இடது காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி விரிசல் போனது. இவ்வளவும் அந்தப் படத்தில் இருந்தது. ஏழு எம்.பி. பகல் பதினொன்று நாற்பதுக்கு அழித்தேன்.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவன் இன்று நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். புவனாவைப் பார்த்து மனம் உருகி வந்தேன் என்று சொன்னால் அது பொய். அவள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மாரமங்கலத்தில் அவள் அக்காள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். நேற்று ஜி.எம். அறையில் உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கையைப் படித்தேன். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கனமழை என்று எழுதியிருக்கிறீர்கள், பழைய கட்டுமானம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. பதினேழாம் பக்கத்தில், 'பட மாற்று மென்பொருளில் ஏற்பட்ட கோளாறு காரணமாகப் புகார்ப் படங்கள் தெளிவின்றிப் பதிவாகியுள்ளன' என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த வரி தவறு. அதில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு நாள்கூட நின்றதில்லை, ஒரு படத்தைக்கூட விட்டதில்லை. எண்பத்திரண்டு என்று சொன்ன இடத்தில் எண்பத்திரண்டு கொடுத்தது, பத்து என்று சொன்ன இடத்தில் பத்து கொடுத்தது. பத்து என்று சொன்னவன் நான். மூன்று படத்திலும் விரிசலைப் பார்த்தவன் நான். இருந்த கடைசிப் படத்தை இல்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு அழித்தவனும் நான்தான். இதையெல்லாம் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதினேழாம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். இதே ஏற்பாட்டை இந்த மலையிலும் கீழேயுமாக இன்னும் பதினொரு இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. கோளாறு என்று படித்தால் அவர்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள்.